ஏரியும் எரிசூளையும்

கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அமைந்துள்ள கீழணையைக் காணச் செல்வோர் ஆற்றைக் காண்கிறார்கள், மதகுகளைக் காண்கிறார்கள், வடவாறு வழியே வீராணம் நோக்கித் திரும்பும் நீரைக் கண்டு களிக்கிறார்கள். நீருக்கு அடியிலே கிடக்கும் கல்லைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. அந்தக் கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அது அனைத்தும் மலையில் வெட்டிய கல் அன்று. ஒரு தலைநகரத்தின் மதிலிலிருந்து பெயர்த்தெடுத்த கல்லும் அதில் உண்டு!

1836-ல் கும்பினி ஆட்சியார் அந்த அணையைக் கட்டினர். கருங்கல் வேண்டும், கழனிப் பகுதியிலே கருங்கல்லுக்கு எங்கே போவது? சில கல் தொலைவில், வடக்கே, புதருக்கும் பனைக்கும் இடையே ஓங்கி நின்றது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில். அதைச் சுற்றிக் கோட்டை போன்ற மதில். இடித்தனர், வண்டியில் ஏற்றினர், ஆற்றில் அடுக்கினர். ஊரார் ஓடிவந்து தடுத்தனர். தடுத்தவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்று வாக்களித்தனர். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதை அந்த நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

கோயில் மதில் போயிற்றே என்று கண்ணீர் வடிக்க நாம் இதை எழுதவில்லை. ஆறும் அணையும் உழவனுக்கு வேண்டியவை. அணை கட்டியது தவறும் அன்று. நம்மைத் துளைக்கும் கேள்வி வேறு. இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசின் தலைநகராய் விளங்கிய ஊர், கல்லுக்கும் செங்கல்லுக்கும் அலைவோரின் சுரங்கமாக ஏன் ஆயிற்று? ஊர் அழிந்தது, ஊருக்கென வெட்டிய ஏரியும் அழிந்தது. அப்படியிருக்க, அதே சோழர் வெட்டிய வீராணம் மட்டும் எப்படி உயிரோடிருக்கிறது?

இந்தக் கேள்விக்கு இன்று தேவை மிகுந்துவிட்டது. நகராட்சி மன்றங்களிலும் திட்ட ஏடுகளிலும் “நிலைத்த நகரம்” என்ற சொல் முழங்குகிறது. மழைநீரைச் சேமி, குப்பையைப் பிரி, கழிவை எரிபொருளாக்கு, நெடுந்தொலைவுக் குழாயில் நீரைக் கொணர் என்று சோதனைகள் பலப்பல. வரைபடத்திலே அவை வெற்றி. மண்ணில் இறங்கியதும் ஓர் ஊரில் ஓங்குகின்றன, ஓர் ஊரில் ஒடிகின்றன. காரணத்தைப் பொறியாளரிடம் கேட்கிறோம். பொறியை மட்டும் பார்க்கிறோம். நிலம் யாருடையது, நீரின் சாவி யார் கையில், குப்பையைத் தொடும் கை யாருடையது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்க்கப் பெரம்பலூரையும் அரியலூரையும் விடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்தின் பிள்ளைகள். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007-ல் மறுபடியும் பிரிந்தது. ஆளுவோர் மாறும்போதெல்லாம் எல்லைக்கல்லும் இடம் பெயர்ந்தது! 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் நகரில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 11 பேர். பெரம்பலூரில் நூற்றுக்கு 17 பேர். பெரம்பலூர் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 50 ஆயிரம். அரியலூர் நகரம் 29 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. மாநகர் நடுவே இருந்து பார்த்தால் இவை ஊர்களாகவே தோன்றா. ஆனால், மாநகரைத் தாங்கும் கல்லும் நீரும் இந்தப் பக்கத்திலிருந்துதான் போகின்றன.

மண்ணின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். கிழக்கே அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடல். புராணக் கடல் அன்று; புவியியல் கடல்! பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சிப்பியும் நத்தையும் கல்லாகி இன்றும் காரை ஓடைகளில் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். அந்தக் கடல் விட்டுச் சென்ற செல்வமே சுண்ணாம்புக்கல். மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் கடும்பாறை, அதன்மேல் கரிசல். ஆண்டு மழை ஒரு மீட்டரை எட்டுவதில்லை. அதிலும் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மருதையாறு பெரும்பாலான நாளில் மணலாறு. அந்த மணலாறுதான் 1956 நவம்பரில் வெள்ளமாகி, அரியலூர் அருகே இரயில் பாலத்தைச் சாய்த்து, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாத்திரி பதவியைத் துறந்தார். வறண்ட நாட்டில் வெள்ளம். வெள்ளம் வடிந்த மறுவாரமே குடத்தோடு அலைச்சல்! இத்தகைய நிலத்தில் ஏரி இல்லாமல் ஊர் இல்லை.

அந்த நிலத்திலேதான் இராசேந்திரன் தலைநகர் சமைத்தான். காவிரிக் கழனியிலிருந்த தஞ்சையை விட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே மேட்டு நிலத்துக்கு வந்தான். ஆண்டு ஏறத்தாழ 1025. கங்கைக்கரை வரை சென்ற படை திரும்பியதும் வெட்டப்பட்டது சோழகங்கம். நீராலாகிய வெற்றித் தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்: கல்லால் தூண் நட்ட மன்னர் பலர், நீரால் தூண் நட்டவர் அரியர். அதன் கரை 16 மைல் நீளம் இருந்ததென்றும், கொள்ளிடத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் கால்வாய் ஒன்று தெற்கே வந்து கலந்ததென்றும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து மற்றொரு வாய்க்கால் வந்ததென்றும் கும்பினிக் காலத்துக் குறிப்பு கூறுகிறது. மாளிகைமேட்டில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கற்சுவரும் கூரை ஓடும் சீனப் பீங்கான் துண்டும் கிடைத்தன. கடலுக்கு அப்பாலிருந்து கிண்ணம் வந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்து நீர் வந்தது. வறண்ட மேட்டில் பெருநகர் என்னும் சோதனை, நீர்நுட்பத்தைப் பொறுத்த வரை வெற்றிதான்.

பிறகு? 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழராட்சி முடிந்தது. அரண்மனை அவிந்தது. ஏரிக்கரை உடைந்தது. படையெடுத்து வந்த பகைவர் உடைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. உடைத்திருக்கலாம். ஆனால், உடைந்த கரையை மறுபடி கட்டுவது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் வேலைதானே! இந்தக் கரை மட்டும் ஏன் கட்டப்படவில்லை?

வீராணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், விடை துலங்கும். வீராணம் 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் எழுந்தது. சோழகங்கத்துக்கு மூத்தது. அதுவும் பெருங்கரை, அதுவும் நெடுங்கால்வாய், அதுவும் மண்ணால் மேவும் ஏரி. ஆனால், அதன் கீழே நெல் விளைந்தது. நெல் விளைந்த இடத்தில் நிலவுடைமையோர் இருந்தனர், நிலவரி வந்தது, வரி வந்த இடத்தில் எந்த அரசுக்கும் அக்கறை பிறந்தது. சோழன் போனான், பாண்டியன் வந்தான், நாயக்கன் வந்தான், நவாபு வந்தான், கும்பினி வந்தான். எவன் வந்தாலும் வீராணத்து நெல் அவனுக்கு வேண்டியிருந்தது. 1836-ல் கீழணை எழுந்ததும், அணை நீர் வடவாறு வழியாக வீராணத்துக்குச் சென்றது. சோழகங்கத்தின் கீழே இருந்ததோ பெரும்பாலும் மேட்டு நிலம். வரகும் சோளமும் விளையும் புன்செய். பின்னாளில் உடையார்பாளையம் சமீனின் காடு. குறைந்த வரி, ஆகவே குறைந்த அக்கறை! அந்த ஏரியைப் புரந்தது நெற்களஞ்சியம் அன்று, அரசவை. அரசவை கலைந்ததும் ஏரியைக் கேட்பாரில்லை. என் கணிப்பு இது. பகைவன் மண்வெட்டியை விடப் பயனாளர் இன்மையே அந்த ஏரியைக் கொன்றது.

இதிலே கொடிய நகைச்சுவை ஒன்றும் உண்டு. செத்த ஏரியின் நகரத்துக் கல், பிழைத்த ஏரிக்கு நீர் தரும் அணையில் போய்ப் படுத்தது. 2004 முதல் வீராணத்து நீர் 235 கிலோமீட்டர் குழாய்வழி சென்னைக்குச் செல்கிறது. சென்னையில் குழாயைத் திறப்பவர், தம்மை அறியாமல், கங்கைகொண்ட சோழபுரத்து மதிலின்மேல் வழிந்த நீரைப் பருகுகிறார்!

“சோழர் காலத்திலே ஏரி வாரியம் இருந்தது, குடவோலை இருந்தது, மக்களாட்சி இருந்தது” என்று மார்தட்டும் நண்பர்களுக்கு ஒரு சொல். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவனை விலக்கினர். மெச்சத்தக்க ஒழுங்கு. ஆனால், ஓலையில் எழுதப்படும் பெயர் யாருடையது? வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவன். சொந்த மனையில் வீடு கட்டியவன். மந்திரமும் பிராமணமும் கற்றவன். வேதமும் பாடியமும் ஓதவல்லவனாயின் அரைக்கால் வேலி போதும்! வேலி குறைந்தால் வேதத்தால் ஈடு செய்யலாம். உழைப்பால் ஈடு செய்ய முடியாது. கரைக்கு மண் சுமந்தவன் பெயர் குடத்தில் விழ வழியே இல்லை. அவனுக்கு வாய்த்தது “வெட்டி” என்று கல்வெட்டுகள் சொல்லும் கூலியற்ற உழைப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே தீண்டாச்சேரி என்றும் பறைச்சேரி என்றும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். ஏரி ஊருக்குப் பொது. துறை மட்டும் பொதுவன்று.

சுமந்தவர்கள் என்றென்றும் வாய்மூடிக் கிடந்தார்கள் என்றும் எண்ண வேண்டா. 1429-ல், விசயநகர ஆட்சியில், வரிச்சுமை தாளாமல், அதுவரை எதிரெதிர் அணியிலிருந்த வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடினர். அதிகாரிகளுக்கும், அவர்களுக்குத் துணைபோன பிராமண, வேளாள நிலவுடைமையாளருக்கும் அடிபணிவதில்லை என்று முடிவெடுத்துக் கல்லிலே பொறித்தனர். அரியலூருக்கு வடக்கே விருத்தாசலத்திலும், கீழைக் காவிரிக் கரையில் கொறுக்கை போன்ற ஊர்களிலும் அந்தக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. மன்னன் கல்வெட்டைப் பாடப்புத்தகத்தில் ஏற்றினோம். மக்கள் கல்வெட்டை அறிக்கைப் பக்கங்களிலேயே விட்டுவிட்டோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம், பெரம்பலூருக்கு வருவோம்.

பெரம்பலூர் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நாடு. 2011-ல் அம்மாவட்ட மக்களில் நூற்றுக்கு 31 பேர் ஆதிதிராவிடர். பலருக்குக் கூலியே வாழ்வு. மழை பொய்த்தால் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் ஆள் போகும் ஊர்கள். இத்தகைய ஊருக்கும் சென்னை அடையாற்றுக்கும் ஒரே விதி வந்தது. 2003-ல் கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு அமைக்க வேண்டும் என்ற ஆணை. நல்ல ஆணைதான், தமிழ்நாடு முழுதும் கட்டாயமாக்கிய துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். சென்னைக் கடற்கரை மணலில் அது பலித்தது. கிணறுகளில் நீர் ஏறிற்று. கடும்பாறை மண்ணில் நீர் இறங்க வழி வேறு, ஆழம் வேறு, கணக்கு வேறு. ஆயினும் அதே குழாய், அதே குழி! பாறை பற்றியாவது பொறியாளர் எவரேனும் பேசினர். கூரை பற்றி? மழைநீரைக் குழாயில் பிடிக்கத் தளம் போட்ட வீடு வேண்டும். கீற்றுக் கூரைக்குக் குழாய் எங்கே மாட்டுவது? மச்சு வீட்டுக்காரன் மழையைச் சேமித்தான். குடிசைக்காரி மழையில் நனைந்தாள். விதி பொதுவாகவே இருந்தது; வீடுதான் பொதுவாக இல்லை.

பெரம்பலூர் நகரம் கொள்ளிடத்து நீரைக் குடிக்கிறது. ஆற்று மணலில் எடுத்த நீர் மேட்டு நிலத்துக்குக் குழாயில் ஏறி வருகிறது. இராசேந்திரன் கால்வாயில் கொணர்ந்தான்; நாம் மின்விசையால் கொணர்கிறோம். நுட்பம் வளர்ந்துவிட்டது. ஆனால், குழாய் தெருமுனை வந்ததும் ஆயிரமாண்டுப் பழைய கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது: யார் முதலில்?

1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். மூன்றாண்டு கழித்து, 1927-ல் மகாடு குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார். சட்டம் தந்தவர் ஒருவர்; அதைக் கையால் மெய்ப்பித்தவர் ஒருவர். நூறாண்டு ஆகப்போகும் வேளையில், 2022 டிசம்பரில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் என்ன கண்டோம்? ஆதிதிராவிடர் தெருவுக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம்! தொட்டியின் கட்டுமானத்தில் குறையில்லை; குழாயில் குறையில்லை; நீரேற்றும் பொறியிலும் குறையில்லை. திட்ட ஏட்டிலே அது வெற்றி பெற்ற திட்டம். ஒரு நாட்டில் குடிநீர்த்தொட்டிகூடச் சாதி பார்க்கப்படும் பொருளாக இருக்குமானால், குழாய் நீளத்தை அளந்து வெற்றியைக் கணக்கிட முடியுமா?

குப்பைக்கும் இதே கதைதான். மட்கும் குப்பை, மட்காக் குப்பை என்று வீட்டில் பிரித்துக் கொடுங்கள் என்கிறோம். அறிவுக்குகந்த ஏற்பாடு. ஆனால், வீட்டில் பிரிப்பதற்கு மனம் வருவதில்லையே! ஏன்? பிரிக்க வேறொருவர் இருக்கிறார் என்ற எண்ணம். அந்த வேறொருவர் யார் என்பதைப் பிறப்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993-ல் ஒரு சட்டம்; போதவில்லை என்று 2013-ல் மற்றொன்று. அதன்பிறகும் கழிவுநீர்த் தொட்டியில் மூச்சுத் திணறி மாள்வோர் செய்தி நாளேடுகளில் வருவது நிற்கவில்லை. மாள்பவர் பெயர் மாறுகிறது. தெருவின் பெயர் மாறுவதில்லை. “தோட்டி” என்ற சொல்லை ஒழித்துத் “தூய்மைப் பணியாளர்” என்றோம். நல்லது, சொல்லும் சுடும். ஆனால், கையுறையும் நிலையான ஊதியமும் இல்லாத இடத்தில் சொல்லின் தூய்மை எத்தனை நாள் காக்கும்?

குப்பை போகும் வழியே நாமும் போவோம், அரியலூரில் கொண்டுபோய்விடும்.

கல்லக்குடிப் பக்கம் 1939-ல் டால்மியா சிமெண்ட் ஆலை எழுந்தது. ஊரின் பெயரே டால்மியாபுரமாயிற்று. 1953 ஜூலை 15-ல் அந்தப் பெயரை அகற்றக் கலைஞர் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் தலை வைத்ததும், அப்போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானதும் இவ்வேட்டின் வாசகர்க்குப் புதிதல்ல. பெயரை மீட்டோம். நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு: பெயர்ப்பலகையைப் பார்த்த அளவுக்குப் பலகைக்குப் பின்னால் தோண்டப்பட்ட பள்ளத்தைப் பார்த்தோமா? 1979-ல் அரியலூரில் அரசின் ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று தமிழ்நாட்டுச் சிமெண்டுக்கு அரியலூர் வட்டாரமே பெருங்களஞ்சியம். பத்துக்கோடி ஆண்டுக் கடல் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டுச் சென்னைக்கு மாடியாகப் போயிற்று.

இப்போது அந்த ஆலைகளுக்குப் புதியதொரு பணி வந்திருக்கிறது. சிமெண்ட் சூளையின் உள்ளே பொருள் 1,450 டிகிரி வெப்பத்தில் வேகிறது. மறுபயனுக்கு உதவாத பிளாஸ்டிக் அங்கே எரிபொருளாகிறது, சாம்பலும் சிமெண்டுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது, புதைக்க மிச்சமில்லை. குப்பை எரிபொருள் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள் தம் எரிபொருளில் நூற்றுக்கு 5 பங்கேனும் இதைக் கொள்ள வேண்டும் என்று 2016-ல் நடுவண் அரசின் விதி கூறியது. சென்னை, திருச்சி போன்ற மாநகரங்களின் பழங்குப்பை மேடுகளைக் கிளறிப் பிரித்தபோது கிடைத்த பிளாஸ்டிக் அரியலூருக்கு வந்தது. கல்லை அனுப்பிய ஊருக்குக் கழிவு திரும்பி வருகிறது!

இதை எள்ளி நகையாடுவது எளிது, அது நேர்மையன்று. குப்பை மேட்டில் திறந்த வெளியில் புகைவதைவிடச் சூளையில் எரிவது மேல். நிலக்கரியும் அந்த அளவுக்கு மிச்சமாகிறது. ஆயினும் கணக்கை முழுதாகப் போட வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அது எரிபொருளிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்தே வருவது. எதை எரித்துச் சுட்டாலும் கல் தன் பங்கை விட்டே தீரும். சிமெண்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இவ்வாறு கல்லிலிருந்து வருவதே. ஆகவே குப்பை எரிப்பு, எரிபொருட் பக்கத்துச் சுமையை மட்டும் சற்றே குறைக்கும். “பசுமை ஆலை” என்று விளம்பரப் பலகை எழுதுவோர் இந்த இரசாயனத்தைப் பலகையில் எழுதுவதில்லை.

மற்றொரு கணக்கு மாநகருக்குப் புரியாதது. குப்பை மேடு குறைந்ததென்று மாநகர் மகிழ்கிறது. அது மாநகரின் வெற்றி ஏட்டில் ஏறுகிறது. சூளைக்கு அருகிலுள்ள சிற்றூரின் பெயர் அந்த ஏட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் சீறும் சாலையில் மாண்டவர்களுக்காக அரியலூர் மக்கள் எத்தனை முறை மறியலில் உட்கார்ந்தார்கள்! முருங்கையிலையிலும் பருத்தியிலும் படியும் தூசியை எந்தத் தராசில் நிறுப்பது? கல் எடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிப் பச்சை நிறத்தில் மின்னுகிறது. கண்ணுக்கு ஏரி, காலுக்குக் கரையற்ற கிணறு. பெரும்பள்ளம் ஒன்றுக்கு வேலியும் படித்துறையும் வாய்க்காலும் அமைத்தால் வறண்ட ஊருக்கு நீர்த்தேக்கம் ஆகும். அமைப்பதா வேண்டாவா என்று முடிவு செய்யும் அறையில் அந்த ஊர்க்காரர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதே கேள்வி. அவர் நிலத்தை விற்றவராக அலுவலகத்துக்கு வெளியே நிற்கிறார். அல்லது ஒப்பந்தக் கூலியாக ஆலை வாயிலில் நிற்கிறார்.

நிலம் கொடுத்தோரின் அனுபவம் இங்கே கசப்பானது. செயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கென 1990களில் பதின்மூன்று ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் இருபதாண்டுக்கு மேல் இழுத்தன. சுரங்கம் தோண்டப்படவே இல்லை. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. பெரம்பலூர் மாவட்டத்திலோ சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி வாங்கிய ஏறத்தாழ 3,000 ஏக்கர் ஆண்டுக்கணக்கில் ஆலையுமின்றி ஏருமின்றிக் கிடந்தது. இவற்றைப் பார்த்தவனிடம் போய், “உன் ஊரில் புதியதொரு பசுமைச் சோதனை” என்று சொன்னால் அவன் முகம் சுளிப்பது அறியாமை அன்று; அனுபவம்.

மறுபுறமும் ஒரு சான்று உண்டு. அதையும் சொல்லாவிட்டால் குற்றம். திருச்சி நகரத்தின் குடிசைப் பகுதிகளிலே இருந்த பொதுக்கழிப்பிடங்கள், நாறிப் பாழாகிக் கிடந்தவை, 2000 ஆண்டையொட்டி அந்தந்தப் பகுதிப் பெண்களின் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்கள் துணை நின்றன. சிறு கட்டணம், கணக்கு எழுதுவோர் பெண்கள், காவல் வைப்போர் பெண்கள், மிச்சப் பணத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்வோரும் அவர்களே. கட்டடம் பழையதுதான், புதிய பொறி எதுவும் வரவில்லை. சாவி கை மாறியது, கழிப்பிடம் பிழைத்தது.

இனி, மீண்டும் சோழகங்கம். 2025-ல் தமிழ்நாட்டரசு அந்த ஏரியைத் தூர்வாரிச் சீரமைக்கப் பணம் ஒதுக்கி அறிவித்தது. இன்று பொன்னேரி என்று ஊரார் அழைக்கும் அந்த நீர்நிலை, நூற்றாண்டுகள் பலவாக மண் சுமந்தது போதும், வரவேற்போம். கரை உயரட்டும், மதகு திறக்கட்டும், வரத்து வாய்க்கால் மீளட்டும். ஆனால், திறப்பு விழாப் பந்தல் பிரித்தபின் அந்த ஏரியைக் காக்கப்போவது யார்?

சட்டம் இருக்கிறது. பாசன அமைப்புகளை உழவரே பேணுவதற்கு 2000-ல் இயற்றிய சட்டம் அது. ஏரிதோறும் சங்கம், சங்கத்துக்குத் தேர்தல், தேர்தலில் வாக்கு. வாக்காளர் யார் என்று அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆயக்கட்டில் நிலம் உடையவர். ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவளுக்கு வாக்கில்லை. நாற்று நடுபவளுக்கு வாக்கில்லை. மீன் பிடிப்பவனுக்கு வாக்கில்லை. கரை உடைந்த இரவில் மண்மூட்டை தூக்கி ஓடுபவனுக்கும் வாக்கில்லை. 919-ல் கால்வேலி கேட்டார்கள். வேதத்தை மட்டும் இப்போது கேட்பதில்லை, பட்டாவைக் கேட்கிறார்கள்.